ஜெக்கில் வீட்டின் இரண்டு வாசல்: ஸ்டீவன்சன் நாவலில் இடமும் இரட்டை மனிதனும் (விவாத இழை)

பாலாற்றங்கரை

எங்கள் வேலூர் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ஜெக்கில்–ஹைட் நாவல். 1886-இல் வந்தது. லண்டன் மருத்துவர் ஜெக்கில் தான் கலந்த மருந்தைக் குடித்து ஹைட் என்ற கொடியவனாக மாறும் கதை. மொத்தமே 10 அத்தியாயம், ஒரே நாளில் படித்து முடிக்கலாம். காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கத்திலிருந்து இலக்கிய மாணவர்கள் வருகிறார்கள். ஒரு மனிதனின் இரட்டை இயல்பை இடம் எப்படிக் காட்டுகிறது என்பதுதான் பேசுபொருள்.

முன்கூட்டியே குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னோம். வந்ததில் முக்கால்வாசி ஒரே மாதிரி. முன்வாசல் பளபளப்பு, அது ஜெக்கில். பின்கதவு பாழ், அது ஹைட். ஆக வீடுதான் மனிதன். அதோடு முடித்துவிடுகிறார்கள். முதல் இரண்டு அத்தியாயம் படித்தவரே இதை எழுதிவிடலாம். லண்டனின் சோஹோ பகுதியில் ஹைட் வைத்திருக்கும் அறைகளை எந்தப் பக்கம் வைப்பது? நடுவில் கிடக்கும் பழைய அறுவை அரங்கை என்ன செய்வது? இரண்டு மணி நேர அமர்வுக்குப் பிரதியிலிருந்தே எதை எடுத்துக் காட்டலாம், பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம்_வாத்தியார்

அந்த வாய்ப்பாட்டை உடைக்க ஒரு சின்ன வேலை போதும். கதவைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்கதவு இருக்கும் தெரு எப்படிப்பட்டது? செழிப்பான கடைத்தெரு. கடைக்காரர்கள் எல்லோரும் நாலு காசு பார்த்தவர்கள், இன்னும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். பலகைகளுக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறார்கள், பித்தளையைத் தேய்த்து மினுக்கியிருக்கிறார்கள். கடை அடைத்த ஞாயிற்றுக்கிழமையில்கூட, சுற்றுவட்டார அழுக்குக்கு நடுவில் அந்தத் தெரு தனியாகத் தெரிகிறது. அதற்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது இரண்டு தளக் கட்டடம் ஒன்று. தெருப்பக்கம் ஒரு சன்னல்கூட இல்லை. கதவில் மணியும் இல்லை, தட்டும் வளையமும் இல்லை. வண்ணம் கொப்புளித்துக் கிடக்கிறது. ஊர்சுற்றிகள் ஒதுங்கி நின்று கதவுப் பலகையிலேயே தீக்குச்சி உரசுகிறார்கள். பிள்ளைகள் படியில் கடை பரப்பி விளையாடுகிறார்கள். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் மரவேலைப்பாட்டில் கத்தியை வைத்துப் பார்த்திருக்கிறான். ஏறக்குறைய ஒரு தலைமுறையாக ஏனென்று கேட்க ஆளில்லை.

இப்போது மூலை திரும்பி முன்வாசலுக்கு வாருங்கள், 2-ஆம் அத்தியாயம். சதுக்கத்து வீடுகள் ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் வாழ்ந்தவை. இப்போது பெரும்பாலும் நொடித்துப்போய் அறை அறையாக வாடகைக்குப் போயிருக்கின்றன. வரைபடம் செதுக்குகிறவர், கட்டடம் வரைகிறவர், நம்ப முடியாத வக்கீல், என்ன தொழில் என்றே விளங்காத ஏஜெண்டு என்று கலவையான குடித்தனம். ஒரே ஒரு வீடுதான் பிரிபடாமல் முழுசாக நிற்கிறது. அது ஜெக்கில் வீடு.

ஆக, கெட்ட கதவு நல்ல தெருவில் இருக்கிறது, நல்ல கதவு கெட்டுப்போன சதுக்கத்தில் இருக்கிறது. ஸ்டீவன்சன் வேண்டுமென்றே குறுக்காக வைத்திருக்கிறார்.

சோஹோவும் இதே கணக்குதான். 4-ஆம் அத்தியாயத்தில் போலீஸ் அதிகாரியோடு ஜெக்கிலின் வக்கீல் நண்பர் அட்டர்சன் போகிறார். தெருவில் சாராயக்கடை, மட்டமான பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடை, வாசல்களில் கந்தல் உடுத்த குழந்தைகள். உள்ளே ஹைட் புழங்கிய இரண்டு அறைகளோ நல்ல ரசனையோடு அலங்கரித்தவை. அலமாரி நிறைய ஒயின், வெள்ளித் தட்டுகள், நேர்த்தியான மேசைத்துணி, கனத்த கம்பளம், சுவரில் நல்ல ஓவியம். அது ஜெக்கில் கொடுத்ததாக இருக்கும் என்று அட்டர்சன் நினைக்கிறார். மூன்று இடத்திலும் ஒன்றுக்குள் அதன் எதிரி உட்கார்ந்திருக்கிறது. குறிப்பு எழுதுகிறவர்கள் இதை விட்டால் மிச்சம் எல்லாம் மேலோட்டம்தான்.

ஆற்காடு_அலமாரி

சார் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் முன்பக்கம், பின்பக்கம் என்ற பிரிவை அப்படியே தூக்கி எறியக்கூடாது என்பது என் கட்சி. கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. அட்டர்சனின் உறவினர் என்ஃபீல்டுக்கு முதல் அத்தியாயத்தில் அந்தக் கதவு தெரியும், ஆனால் அது ஜெக்கில் வீட்டின் பின்வழி என்று தெரியாது. 7-ஆம் அத்தியாயத்தில்தான் அதை வாய்விட்டுச் சொல்கிறார். அட்டர்சனுக்கோ ஆரம்பத்திலேயே தெரியும், சொல்லவில்லை. ஊருக்கு இரண்டு கட்டடம், அட்டர்சனுக்கு ஒரே கட்டடம். வாசகனை ஸ்டீவன்சன் முதலில் என்ஃபீல்டு பக்கம் நிறுத்திவிட்டு, மெல்ல அட்டர்சன் பக்கம் நகர்த்துகிறார்.

அந்தக் காசோலையையும் மறந்துவிடாதீர்கள். சிறுமியை மிதித்துவிட்டுப் போன ஹைடை மடக்கி 100 பவுண்ட் கேட்கிறார்கள். அவன் சாவி போட்டு அந்தப் பின்கதவைத் திறந்து உள்ளே போகிறான். 10 பவுண்ட் தங்கமாகவும் மீதிக்குக் காசோலையாகவும் கொண்டுவருகிறான். காசோலையில் ஊரறிந்த கண்ணியவானின் கையெழுத்து. பாழடைந்த கதவு திறந்ததும் முன்வாசல்காரரின் பெயர் வெளியே வருகிறது. இணைப்பு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

குடியாத்தம்_வாத்தியார்

நல்ல இடம் பிடித்தீர்கள். பிரிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரிவு ஊர்க்கண்ணுக்கு இருக்கிறது, வீட்டுக்குள் இல்லை. 10-ஆம் அத்தியாய வாக்குமூலத்தில் ஜெக்கில் இதைத்தான் சொல்கிறார்: எல்லா மனிதரும் நன்மையும் தீமையும் கலந்தவர்கள், ஹைட் மட்டும் கலப்பில்லாத தீமை. கவனியுங்கள், ஜெக்கில் கலப்பில்லாத நன்மை என்று எங்கேயும் வரவில்லை. மருந்து குடித்த பிறகும் அவர் அதே பழைய கலவைதான். முன்வாசல் நன்மை, பின்வாசல் தீமை என்று சரிபாதியாகக் கிழிக்கும்போது மாணவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கட்டடக்கோடு

வரைபடம் போடுவது என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். வாயால் சொன்னால் ஏறாது, சார்ட்டில் வரைந்துவிடுங்கள். அளவு விகிதம் வேண்டாம். பிரதியில் அடிக்கணக்கு கிடையாது. எது எதை ஒட்டி இருக்கிறது என்பது போதும்.

முதலில் சார்ட்டின் கீழ்ப்பக்கம் கிழக்கு மேற்காகக் கடைத்தெருவை ஒரு கோடாகப் போடுங்கள். கிழக்கே போகும்போது இடக்கைப்பக்கம், மூலையிலிருந்து இரண்டு வாசல் தள்ளி, ஒரு முற்றத்துக்குள் போகும் வழி வருகிறது. அதை ஒட்டித்தான் அந்தச் சன்னலில்லாத கட்டடம். கிழக்கே போகிறவருக்கு இடக்கை வடக்கு, ஆகவே கட்டடம் தெருவுக்கு வடபுறம் வரும். பிறகு மூலை திரும்பிச் சதுக்கம். அங்கே ஜெக்கில் வீடு மூலையிலிருந்து இரண்டாவது. இரண்டு பக்கத்திலும் மூலையிலிருந்து இரண்டு என்ற கணக்கு வருவதைப் பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே மூலையில் முதுகோடு முதுகு ஒட்டுகின்றன என்பதற்கு ஆசிரியர் கொடுக்கும் துப்பு அது.

இனி உள்ளே. சதுக்கத்து வாசலில் நுழைந்தால் கல் பாவிய கூடம், கணப்பு எரிகிறது, ஓக் மரப் பேழைகள். முன்கட்டு இது. சமையல்கட்டு வழியாகப் பின்னால் இறங்கினால் ஒரு திறந்தவெளி. முன்பு தோட்டமாக இருந்தது. அதைத் தாண்டினால் பின்கட்டு, பழைய அறுவை அரங்கு. ஜெக்கில் இந்த வீட்டை ஒரு புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் வாரிசுகளிடமிருந்து வாங்கினார். ஜெக்கிலின் பழைய மருத்துவ நண்பர் லான்யன் தன் குறிப்பில் அவரை டாக்டர் டென்மன் என்கிறார். ஒரு காலத்தில் மாணவர் கூட்டம் நிறைந்த அரங்கு இப்போது வெறிச்சோடி, மரப்பெட்டியும் வைக்கோலுமாகக் கிடக்கிறது. வெளிச்சம் கூரைக் குவிமாடம் வழியாக மட்டும். அரங்கின் கோடியில் படி ஏறினால் சிவப்புக் கம்பளித்துணி போர்த்திய கதவு, அதற்குள் ஜெக்கிலின் தனியறை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள், ஆளுயரக் கண்ணாடி, எழுதும் மேசை, முற்றத்தைப் பார்த்து மூன்று சன்னல்.

முக்கியமான சமாச்சாரம் 8-ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது. அரங்கிலிருந்து கடைத்தெருக் கதவுக்கு ஒரு நடை இருக்கிறது. அந்த நடையிலிருந்து தனியறைக்குத் தனியாக இன்னொரு படிக்கட்டு. ஆக அந்த ஒரு அறைக்கு இரண்டு படி. ஜெக்கில் வருவது வீடு, திறந்தவெளி, அரங்கு, சிவப்புக் கதவு என்ற வழியில். ஹைட் வருவது தெருக்கதவு, நடை, இரண்டாவது படி என்ற வழியில். இரண்டு நிற ஸ்கெட்ச் பேனாவால் இந்த இரண்டு வழியையும் போடச் சொல்லுங்கள். இரண்டு கோடும் முட்டும் ஒரே இடம் அந்தத் தனியறை. முன்கட்டுமில்லாமல் தெருவுமில்லாமல் நடுவில் மாடியில் தொங்குகிற அறை அது.

வாலாஜா_வாசகி

அண்ணா, ஒரு சந்தேகம். 7-ஆம் அத்தியாயத்தில் அட்டர்சனும் என்ஃபீல்டும் முற்றத்துக்குள் நுழைந்து, சன்னலில் உட்கார்ந்திருக்கும் ஜெக்கிலோடு பேசுகிறார்களே, அந்த முற்றமும் வீட்டுக்கும் அரங்குக்கும் நடுவில் இருக்கும் திறந்தவெளியும் ஒன்றுதானா?

கட்டடக்கோடு

இல்லம்மா. எல்லோரும் வழுக்குவது இங்கேதான். நடுவில் உள்ள திறந்தவெளி வீட்டுக்கு உள்ளடங்கியது, வேலையாட்கள் புழங்குவது. அங்கே போக ஜெக்கிலின் தலைமை வேலையாள் பூல் கதவைத் திறந்துவிட வேண்டும். நீங்கள் சொல்லும் முற்றத்துக்குத் தெருவிலிருந்தே வழி இருக்கிறது, யாரும் நுழையலாம். தனியறையின் மூன்று சன்னலும் பார்ப்பது இந்த முற்றத்தை. இரண்டையும் ஒன்றாக வரைந்துவிட்டால் சன்னல் காட்சி குழம்பிப்போகும். உலாப் போன இருவர் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வீட்டின் உள்வெளிக்கு எப்படி வந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இன்னொரு பிழை, இரண்டாவது படிக்கட்டை விட்டுவிடுவது. விட்டால் ஹைட் அரங்கின் குறுக்கே நடந்துதான் அறைக்குப் போக வேண்டும் என்றாகிவிடும். 8-ஆம் அத்தியாயக் கடைசி இரவில், அறைக்கதவை உடைக்கப் போகுமுன் அட்டர்சன் செய்யும் ஏற்பாடும் புரியாது. வேலையாள் பிராட்ஷாவையும் ஒரு பையனையும் தடியோடு தெருப்பக்கம் அனுப்பி, அவர்கள் போய்ச் சேரப் 10 நிமிடம் கொடுக்கிறார் அல்லவா? அறைக்கு மறுபக்கம் ஒரு வழி இருப்பதால்தான்.

வாலாஜா_வாசகி

இப்போது தெளிவாகிவிட்டது. அந்த மூன்று சன்னலைப் பற்றி ஒன்று கண்ணில் பட்டது. முதல் அத்தியாயத்தில் என்ஃபீல்டு, சன்னல்கள் எப்போதும் மூடியிருக்கும், ஆனால் சுத்தமாக இருக்கும் என்கிறார். 5-ஆம் அத்தியாயத்தில் அதே மூன்று சன்னலை அட்டர்சன் அறைக்குள்ளிருந்து பார்க்கிறார். தூசி படிந்திருக்கிறது, இரும்புக் கம்பி போட்டிருக்கிறது. ஆசிரியரின் கவனப்பிசகு என்று தள்ளிவிடலாமா?

ஆற்காடு_அலமாரி

தள்ள வேண்டாம். நடுவில் ஒரு வருடம் போல ஓடிவிட்டது. வாக்குமூலத்தைப் பாருங்கள். அக்டோபரில் ஹைட் கேரூ என்ற முதியவரைக் கொன்றதற்கு முன்னால் 2 மாதம் ஜெக்கில் ஹைடை ஒதுக்கிவைத்துக் கட்டுப்பாடாக வாழ்ந்திருக்கிறார். மருந்து குடிக்கிற வேலை இல்லை என்றால் அறைப் புழக்கமும் குறைந்திருக்கும், சன்னலில் தூசி ஏறும். ஆனால் அந்த 2 மாதமும் சோஹோ வீட்டை அவர் விடவில்லை. ஹைடின் துணிமணி அந்தத் தனியறையிலேயே தயாராகக் கிடந்தது. அறை சும்மா கிடந்ததே தவிரக் காலியாகவில்லை. மனம் மாறிவிட்டேன் என்று சொன்னவரின் நிலையும் அதுதான்.

குடியாத்தம்_வாத்தியார்

நான் வேறு மாதிரிப் படிப்பேன். வெளியே நின்று பார்க்கிறவருக்குச் சுத்தம், உள்ளே போய்ப் பார்க்கிறவருக்குத் தூசியும் கம்பியும். கம்பியைப் பற்றி என்ஃபீல்டு வாயே திறக்கவில்லை. அவர் பார்த்தது ஆள் குடியிருக்கும் அடையாளம், அட்டர்சன் பார்த்தது சிறை. இரண்டு வாசிப்பையும் அமர்வில் முன்வைத்து அவர்களையே வாதாட விடுங்கள்.

ஜோலார்பேட்டை_ஜங்ஷன்

மூடுபனியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பனி என்றால் ஏலகிரியில் காலையில் இறங்கும் வெள்ளை மூட்டம்தான் மனதில் வரும். அதை வைத்துக்கொண்டு படித்தால் 4-ஆம் அத்தியாயம் அழகான காட்சியாகிவிடும். அன்றைய லண்டன் மூட்டம் வேறு. லட்சக்கணக்கான அடுப்புகளிலும் கணப்புகளிலும் எரிந்த நிலக்கரிப் புகை ஆற்று ஈரத்தோடு கலந்து கலையாமல் நின்றது. நிறமே பழுப்பு, மூச்சை அடைக்கும். காலை 9 மணிக்கு வானத்தில் சாக்லேட் நிறப் போர்வை விரித்தது போல் இருக்கிறது என்று ஸ்டீவன்சன் எழுதுவது வெறும் அலங்காரமில்லை. தெருவிளக்கு இன்னும் எரிகிறது. ஒரு திருப்பத்தில் அந்தி மாதிரி இருட்டு, அடுத்த திருப்பத்தில் எங்கோ தீப்பிடித்தது மாதிரிச் செம்பழுப்பு.

அடுத்த அத்தியாயத்தில் அந்த மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால்தான் ஜெக்கிலின் தனியறையில் விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். சோஹோவில் இருந்தது சதுக்கத்து வீட்டின் பின்கட்டுக்குள் நுழைந்துவிட்டது. இரண்டு முகவரிக்கும் நடுவில் இருந்த தூரம் இல்லாமல் போகிறது.

அதே மூச்சில் ஒரு எச்சரிக்கை. கேரூ கொலை மூடுபனியில் நடந்தது என்று தேர்வுத்தாளில் எழுதுகிறவர்கள் நிறைய. நடக்கவில்லை. முன்னிரவில் மேகமே இல்லை. வேலைக்காரப் பெண் சன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறாள், சந்து முழுக்கப் பௌர்ணமி நிலவு. மூட்டம் இறங்குவது விடியலுக்கு முந்தைய நேரத்தில்தான். மிகக் கொடிய செயல் மிகத் தெளிந்த வெளிச்சத்தில் நடக்கிறது. ரீஜெண்ட் பூங்காவிலும் அப்படியே. தெளிந்த ஜனவரிப் பகல், மேலே மேகமில்லை, பறவைச் சத்தம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜெக்கில் மருந்தே இல்லாமல் ஹைடாகிறார். இருட்டு என்றால் ஹைட், வெளிச்சம் என்றால் ஜெக்கில் என்று எழுதினால் இந்த இரண்டு காட்சியும் இடிக்கும்.

குடியாத்தம்_வாத்தியார்

சபாஷ். இதோடு அந்தப் படுக்கையறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை மருந்து குடித்தபோது தனியறையில் கண்ணாடி கிடையாது. ஆளுயரக் கண்ணாடி பிறகு இதற்கென்றே கொண்டுவரப்பட்டது. ஹைட் இரவில் திறந்தவெளியைக் கடந்து, சொந்த வீட்டில் அந்நியனைப் போலத் தாழ்வாரங்களில் பதுங்கி நடந்து, சதுக்கத்து வீட்டின் படுக்கையறைக்குப் போய்த்தான் தன் முகத்தை முதன்முதலில் பார்க்கிறான். முன்கட்டின் மாடியில், கண்ணியமான அறையில்.

தூக்கத்திலேயே உருமாறும் காலையும் அதே படுக்கையில்தான். கண்ணுக்கு முன்னால் கட்டில் திரைச்சீலையின் பூவேலை, மகாகனி மரச் சட்டம், உயர்ந்த கூரை எல்லாம் ஜெக்கிலுடையவை. ஆனாலும் சோஹோவில் விழித்த மாதிரி ஓர் உணர்வு அவரை விடவில்லை. போர்வைமேல் கிடந்த கையைப் பார்த்ததும் விளங்கிவிடுகிறது, மயிர் அடர்ந்த ஹைடின் கை. அடுத்து வரும் நடை பாருங்கள். இரண்டு மாடிப்படி இறங்கி, பின்வழியாக, திறந்தவெளி கடந்து, அரங்கு தாண்டி மருந்து இருக்கும் அறைக்குப் போக வேண்டும். கட்டடக்கோடு சொன்ன ஜெக்கிலின் நிறக் கோட்டில் இப்போது ஹைட் நடக்கிறான். சார்ட்டில் இந்த ஒரு நடையை இரண்டு நிறத்திலும் சேர்த்துப் போடுங்கள்.

தொரப்பாடி_மருந்துக்கடை

தனியறை என்று சும்மா சொல்லிவிட்டுப் போகாமல் உள்ளே இருப்பதையும் பாருங்கள். மருந்தை எடுத்துவரச் சொல்லி லான்யனுக்கு எழுதும் கடிதத்தில் ஜெக்கில் கொடுக்கும் குறிப்பு ஸ்டாக் எடுக்கிறவருக்குக் கொடுப்பது போல இருக்கிறது. இடக்கைப்பக்கம் E எழுத்துப் போட்ட கண்ணாடி அலமாரி, மேலிருந்து 4-ஆவது இழுப்பறை, கீழிருந்து எண்ணினால் 3-ஆவது. ஆக மொத்தம் 6 இழுப்பறை. அந்த ஒன்றை உள்ளே இருப்பது கலையாமல் அப்படியே உருவிக் கொண்டுபோக வேண்டும். அதில் பொடிகள், பாதி நிறைந்த இரத்தச் சிவப்புத் திரவக் குப்பி, ஒரு குறிப்பேடு. ஹைட் ஆக்குவதும் ஜெக்கில் ஆக்குவதும் ஒரே இழுப்பறைச் சரக்கு. நல்லதுக்கு ஒரு தட்டு, கெட்டதுக்கு ஒரு தட்டு என்று பிரித்து அடுக்கவில்லை.

பூட்டையும் கவனியுங்கள். லான்யன் இழுப்பறையை எடுக்கப் போன அன்று பூட்டுக்காரரும் தச்சரும் சேர்ந்து கதவைத் திறக்க 2 மணி நேரம் ஆகிறது. கடைசி இரவில் பூல் கோடாலியால் 5-ஆவது வெட்டில் உடைக்கிறார். முதல் தடவை பூட்டைத்தான் திறந்தார்கள், கதவு பிழைத்தது. இரண்டாவது தடவை கதவே போய்விட்டது.

கட்டடக்கோடு

பூட்டு, சாவி பேச்சு வந்ததால் என்னைப் பொறுத்தவரை இந்த நாவலின் உயிர்நாடியைச் சொல்லிவிடுகிறேன். வீடு அப்படியே நிற்கும் பின்னணி அல்ல. கதை போகப் போக அது சுருங்குகிறது. சார்ட்டை நாலு நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் இந்த மனிதர் புழங்க முடிந்த இடத்தை மட்டும் நிழலிடச் சொல்லுங்கள்.

முதல் படத்தில் எல்லாமே அவருடையது. சதுக்கத்து வீடு, அரங்கு, தனியறை, தெருக்கதவு, சோஹோ வீடு. வேலையாட்களிடம் ஹைடின் அடையாளத்தைச் சொல்லி, அவன் விருப்பம் போல வரலாம் என்று ஜெக்கிலே உத்தரவு போட்டிருக்கிறார். இரண்டாவது படம் அக்டோபர் கொலைக்குப் பிறகு. சோஹோவில் காகிதங்களை எரித்தாயிற்று, இடத்தைப் போலீஸ் கண்டுபிடித்தாயிற்று, அது போயிற்று. தெருக்கதவை ஜெக்கிலே பூட்டிச் சாவியைக் குதிகாலால் மிதித்து நசுக்குகிறார். அந்தப் பக்கமும் போயிற்று.

மூன்றாவது படம் ஜனவரி, ரீஜெண்ட் பூங்கா. பெஞ்சில் ஹைடாக மாறிவிட்டார். மருந்து தனியறை அலமாரியில் இருக்கிறது. தெருக்கதவுக்குச் சாவி இல்லை. முன்வாசலில் போனால் சொந்த வேலையாட்களே பிடித்துத் தூக்குமேடைக்கு அனுப்புவார்கள். இரண்டு வாசல் வைத்த வீட்டுக்காரருக்கு நுழைய ஒரு வாசலும் இல்லை. போர்ட்லண்ட் தெரு ஓட்டலில் ஒரு தனியறை எடுத்து உட்கார்ந்து லான்யனுக்குக் கடிதம் எழுதுகிறார். தப்பிக்க வைத்துக்கொண்ட பின்வாசல் அவரை வெளியே நிறுத்திவிட்டது. இதை விளக்க வேறு வார்த்தையே வேண்டாம், கட்டட அமைப்பே சொல்லிவிடுகிறது.

நாலாவது படத்தில் நிழல் ஒரே அறையில். கடைசி வாரம். மூடிய கதவு, படியில் வந்து விழும் துண்டுச்சீட்டு, வாசலில் வைத்துவிட்டுப் போகும் சாப்பாடு. ஒரே ஒரு தடவை அரங்கில் இறங்கி மரப்பெட்டிகளுக்குள் துழாவுவதைப் பூல் பார்த்துவிடுகிறார். உடனே படியேறி ஓட்டம். கதவை உடைத்து நுழைந்தால் உள்ளே கணப்பு எரிகிறது, கெண்டி கொதிக்கிறது, தேநீருக்குக் கோப்பை எடுத்து வைத்திருக்கிறது. முன்கட்டில் கூடத்துக் கணப்பைச் சுற்றி வேலையாட்கள் பயந்துபோய் ஆட்டுமந்தை மாதிரி ஒண்டிக் கிடக்கிறார்கள். வீட்டுக்குரிய அமைதி பின்கட்டு அறைக்குப் போய்விட்டது, பின்கட்டுக்குரிய பயம் முன்கட்டுக்கு வந்துவிட்டது. நடையில் கிடக்கும் அந்தச் சாவியையும் அட்டர்சன் எடுத்துப் பார்க்கிறார். உடைந்த இடமும் துருவேறியிருக்கிறது.

ஆற்காடு_அலமாரி

இந்த நாலு பட யோசனைக்காகவே இழையைச் சேமித்து வைக்கலாம். கூடவே ஒன்று. ஹைடுக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது. சோஹோ வீட்டை எடுத்ததும் சாமான் போட்டதும் வாய் திறக்காத வீட்டுப் பணிப்பெண்ணை அமர்த்தியதும் ஜெக்கில். அங்கே இருக்கும் ரசனையும் ஜெக்கிலுடையதுதான். மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஹைடிடமும் நல்லது இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். வாக்குமூலம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த ஓவியமும் வெள்ளித் தட்டும் காட்டுவது ஹைடின் நல்லதனத்தை அல்ல, அங்கே போய்ச் சுகம் தேடியவர் ஜெக்கில்தான் என்பதை.

ஜோலார்பேட்டை_ஜங்ஷன்

கதை லண்டனில் நடந்தாலும் ஸ்டீவன்சன் எடின்பரோக்காரர் என்பதைச் சொல்லலாம் அல்லவா?

குடியாத்தம்_வாத்தியார்

சொல்லலாம், ஆனால் 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்த ஊரே நெரிசலான பழைய நகரம், 1767-க்குப் பிறகு திட்டமிட்டுக் கட்டிய புது நகரம் என்று இரண்டாகக் கிடப்பது. புது நகரத்தில் ஹெரியட் ரோ 17-ஆம் எண் வீட்டில் வளர்ந்தவர் ஸ்டீவன்சன். பகலில் தச்சர் சங்கத் தலைவராகவும் நகரசபை உறுப்பினராகவும் இருந்து, இரவில் வீடு புகுந்து திருடி, 1788-இல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பிராடி அந்த ஊர்தான். பிராடி செய்த அலமாரி ஒன்று சிறு வயதில் ஸ்டீவன்சனின் அறையில் இருந்தது. இது லண்டன் வேடம் போட்ட எடின்பரோ என்று எழுத்தாளர் செஸ்டர்டன் வாதிட்டிருக்கிறார்.

வீட்டமைப்புக்கு நிஜ உதாரணம் கேட்டால் லண்டனிலேயே இருக்கிறது. அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1783-இல் லெஸ்டர் சதுக்கத்தில் ஒரு வீடும், அதற்கு நேர் பின்னால் காசில் தெருவில் ஒரு வீடும் எடுத்து, நடுவில் அருங்காட்சியகமும் விரிவுரை அரங்கும் கட்டினார். சதுக்கத்துப் பக்கம் விருந்தினர், பின்தெருப் பக்கம் அறுப்பதற்கு வரும் பிணங்கள். பழைய அறுவை மருத்துவரின் வீடு என்று ஸ்டீவன்சன் ஒரு வரி எழுதினால், பின்கதவு எதற்காக வைக்கப்பட்டது என்று அக்கால வாசகருக்கு விளங்கியிருக்கும். ஜெக்கில் அந்தக் கதவைக் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்ததை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்.

வாலாஜா_வாசகி

காலக்கோடும் ஒன்று போடலாம் என்று பார்த்தேன். ஜெக்கிலின் கடிதம் தனக்கு வந்தது ஜனவரி 9 என்கிறார் லான்யன். கடிதத்தின் தலையில் டிசம்பர் 10 என்று இருக்கிறதே?

ஆற்காடு_அலமாரி

ஆமாம், பிரதியிலேயே அப்படித்தான். அதை நேராக்கப் போனால் அமர்வு முழுக்க அதிலேயே போய்விடும். மாதங்களை மட்டும் போடுங்கள். அக்டோபர் கொலை, ஜனவரி பூங்கா, மார்ச்சில் கதவை உடைக்கும் அந்தக் கடைசி இரவு.

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு கேள்வி பாக்கி. லான்யனின் கேவண்டிஷ் சதுக்க வீட்டைச் சார்ட்டில் சேர்ப்பதா வேண்டாமா? ஜெக்கில் வீட்டோடு அதற்கு ஒட்டு உறவு இல்லையே.

கட்டடக்கோடு

கண்டிப்பாகச் சேருங்கள், ஆனால் ஓரமாக, தனிக் கட்டமாக. உருமாற்றத்தை முழுசாகக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி லான்யன். அது நடப்பது நள்ளிரவில், அவருடைய சொந்த ஆலோசனை அறையில். மருத்துவர்கள் குவிந்திருக்கும், எந்தச் சந்தேகமும் தொடாத இடம். மறைவுக்கென்று அமைந்த ஒரு கட்டடம் முழுசாக இருந்தும், மறைத்தது வெளிப்படுவது மறைக்க எதுவுமில்லாத மனிதரின் அறையில். இழுப்பறையும் ஆளும் தனித்தனியாக அங்கே வந்து சேர்வதால், ஜெக்கில் வீட்டிலிருந்து இழுப்பறைக்கு ஒரு புள்ளிக்கோடு, ஓட்டலிலிருந்து ஹைடுக்கு ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். லான்யன் வீட்டுக்குப் பின்வாசல் வரைய வேண்டாம், பிரதியில் இல்லை.

பாலாற்றங்கரை

சரிங்கண்ணா, அப்படியே செய்கிறோம். 1, 2, 5, 8 அத்தியாயங்களில் இடம் வரும் பத்திகளையும், 10-இல் படுக்கையறை, பூங்காப் பகுதிகளையும் நகலெடுத்துவிடுகிறேன். முதல் அரை மணி வரைபடம், அடுத்த முக்கால் மணி நாலு நிழல் படம், பிறகு சன்னல் வாதம். எடின்பரோவுக்கு வாத்தியார் சார் சொன்ன 5 நிமிடம் மட்டும். வர முடிகிறவர்கள் வாருங்கள், நாலு சார்ட்டும் சுவரில் ஒட்டியிருக்கும்.